தராசுக்காரர் எடை போடாத விமானம்

அவர் இறந்தபோது வந்த மலர்வளையங்களில் மிகப் பெரியதை அனுப்பியது ஒரு விமானக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் விமானத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இப்படி முடியும்: "இறங்கியதும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கார் நன்றாக இருந்தது." அந்த வளையத்தில் துக்கம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று பூக்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. தூக்க மட்டும் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

முப்பத்தொரு வருடம் அவர் பார்த்த வேலை, சின்ன விமானங்களை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது எழுதுவது. மாதம் ஒரு விமானம், மாதம் ஒரு கட்டுரை. விமானம் வாங்குகிறவர்களுக்காக நடந்த பத்திரிகை அது. ஆனால் வாங்க வசதியில்லாதவர்கள்தான் அதிகம் படித்தார்கள். அடுத்தவன் வாங்கியதை ஒருவர் கிழிகிழியென்று கிழிப்பதைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தானே செய்கிறது.

அதற்கு முன்னால் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டினார். "பாதி பூச்சிக்கு அடிச்சேன், பாதி எனக்கே அடிச்சுக்கிட்டேன்" என்பார். பிறகு ஏழு வருடம் ஒரு சரக்கு விமானக் கம்பெனி. பறந்து இறங்கியதும் விமானத்தில் கண்ட குறைகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் ஒரு வரியில் முடிப்பார்கள். அவர், "இடது கதவு மூடாது. மூடினால் திறக்காது. எந்த நாளில் எது என்பதைக் கதவே முடிவு செய்கிறது" என்று எழுதுவார். மெக்கானிக்குகள் அவற்றை நகலெடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். நிர்வாகம் சுவரையும் பார்த்தது, அவரையும் பார்த்தது, வேலையைவிட்டு அனுப்பியது. ஒட்டியிருந்ததில் ஒன்று பத்திரிகை ஆசிரியரின் கண்ணில் பட்டது. ஆசிரியருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். பிரதமரே கட்டுரை அனுப்பினாலும் பாதியாக வெட்டிவிடுவார் என்று பேர். அந்தக் கத்தரிதான் இவரைத் தேடிப்பிடித்து வேலை கொடுத்தார்.

அப்புறம் ஒரு விமானத்துக்கும் தூக்கம் இல்லை. பணக்காரர்களுக்கான ஜெட் ஒன்றைப் பற்றி: "காப்பிக் கோப்பை வைக்க எட்டு இடங்கள். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் ஒன்றே ஒன்று, அதுவும் எட்டாவது கோப்பைக்குப் பின்னால்." தண்ணீரில் இறங்கும் விமானத்தைப் பற்றி: "தண்ணீரில் இது சுமாரான விமானம். வானத்தில் சுமாரான படகு." எஞ்சினே இல்லாத கிளைடரைப் பற்றி: "இந்த ஆண்டு நான் ஓட்டியதில் எஞ்சின் கோளாறு செய்யாதது இது மட்டும்தான்." கம்பெனிகள் கத்தரிக்குப் போன் போட்டுக் கத்தின. கத்தரி எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "இத்தனை வருஷத்துல அவருக்கு நாங்க ஒரு திருத்தம் போட்டதில்ல சார். தப்பு இருந்தா காட்டுங்க, போடறோம்." யாராலும் காட்ட முடியவில்லை. அந்தப் பேச்சு சுற்றிச்சுற்றி அவர் காதுக்கும் வரும். கேட்காதது மாதிரி இருப்பார், நன்றாகவே கேட்டுக்கொள்வார்.

விமான நிலையங்களில் அவரைத் தராசுக்காரர் என்றார்கள். காரின் டிக்கியில் எடை மெஷின்கள் மூன்று எப்போதும் இருக்கும். விமானத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒன்றை வைத்து எடை போடுவார். கூடப் பறக்கிறவர் யாராக இருந்தாலும் மெஷினில் ஏறித்தான் தீர வேண்டும். ஒருமுறை ஒரு கம்பெனியின் சேர்மன் தானே கூட வருவேன் என்று வந்தார்.

"என் வெயிட்டா? எண்பது கிலோ. எழுதிக்குங்க."

"கீழ நிக்கிறப்ப எண்பது இருப்பீங்க சார். மேல ஏறுங்க, பார்ப்போம்."

மெஷின் தொண்ணூற்றேழு காட்டியது. சேர்மன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து உதவியாளரிடம் கொடுத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"பேனா நல்ல பேனாதான் சார்," என்றார் தராசுக்காரர். "பதினேழு கிலோ இருக்காது."

எந்த விமானத்தையும் மூன்று தடவை ஓட்டுவார். முதல் தடவை கம்பெனியின் விமானியோடு, பொய்களைக் கேட்க. இரண்டாவது தடவை தனியாக, உண்மையைக் கேட்க. மூன்றாவது தடவை பின் சீட்டில் ஆள் எடைக்கு மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு. பின்னால் பாரம் ஏறினால்தான் விமானத்தின் குணம் தெரியும். வால் கனத்த விமானம் மூக்கைத் தூக்கும். தூக்கிய மூக்கைக் கீழே கொண்டுவர முடியாமல் போனால், அப்புறம் விமானி செய்வதற்கு அதிகம் இருக்காது, நேரமும் இருக்காது. அந்த மூட்டைக்குச் சித்தப்பா என்று பேர் வைத்திருந்தார். கூட வந்தும் வாயைத் திறக்காத ஒரே சொந்தக்காரர் என்பதால்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் பென்சிலால் கிறுக்கிக்கொண்டு வருவதை இரவுச் சாப்பாட்டுக்கு முன் டைப் அடித்துக் கொடுப்பது அவள்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் ஒரு சின்ன விமானத்திலும் அவள் ஏறியதில்லை.

"ஒரு தடவை வாயேன், ஊரைச் சுத்திக் காட்டறேன்."

"நீங்க எழுதறத டைப் அடிக்கிறவ நான். அதைப் படிச்சுட்டு புத்தி இருக்கிற யாராச்சும் ஏறுவாங்களா?"

 தன் எழுத்துக்குக் கிடைத்த உண்மையான பாராட்டு அதுதான் என்று வைத்துக்கொண்டார்.

அவளுக்கு ஒரு தம்பி. ஒரு சின்ன ஓடுபாதையின் ஓரத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவன். அக்கா புருஷன் ஓட்டுகிற விமானங்களைப் பார்த்துப் பார்த்து, நாமே ஒன்று செய்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. பட்டறைக்குப் பின்னால் ஷெட் போட்டு ஒன்பது வருடம் செய்தான். இரண்டு சீட், ஒன்றன் பின் ஒன்று. வரைந்ததும் அவனே, ஒட்டியதும் அவனே. ஒட்டுகிற வேலை முடியாததால் இரண்டு தடவை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டான். மூன்றாவது தடவை பெண் வீட்டார் தள்ளிப்போட்டார்கள், நிரந்தரமாக. பின் சீட்டுக்கு உறை தைத்தது அக்கா. கருநீல வெல்வெட், ஓரத்தில் வெள்ளைத் தையல்.

விமானம் முடிந்தபோது அவனுடைய வரைபடங்களை வாங்கி ஏழு பேர் தங்கள் தங்கள் ஷெட்டில் அதே விமானத்தைக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு தொழிற்சாலை முதலாளி மொத்தமாகவே செய்து விற்கலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: தராசுக்காரர் நல்லது என்று எழுத வேண்டும்.

அவர் வந்தார். மைத்துனன் தாளை நீட்டினான். மூன்று சக்கரங்களின் எடையும் சுத்தமாக எழுதி, கூட்டி, அடிக்கோடு இட்டிருந்தது. மூக்குச் சக்கரம் ஐம்பத்திரண்டு, பின்னால் இரண்டும் நூற்றுமுப்பது, நூற்றுமுப்பது.

"மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன் மாமா. மூணு தடவயும் ஒரே நம்பர்."

எடை மெஷின்கள் காரில் இருந்தன, இருபதடி தூரம். நடந்து போய் டிக்கியைத் திறக்க வேண்டியதுதான். ஆனால் ஷெட் வாசலில் மனைவி பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தாள், முகமெல்லாம் பல்லாக. ஊரிலிருக்கும் சேர்மன்களையெல்லாம் மெஷினில் ஏற்றியவர், மைத்துனனின் தாளை அவள் கண்முன்னே சந்தேகப்பட வேண்டும். அதைச் செய்ய அவரால் ஆகவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மைத்துனன் பக்கத்தில் நடந்துவர, ஓடுபாதையில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்ததை முதல் தடவை என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார். இரண்டாவது, தனியாகப் பறந்தார். விமானம் பொய் சொல்லவில்லை. விரலால் தொட்டால் திரும்பியது, விட்டால் நேராக நின்றது, இலை விழுவது போல இறங்கியது. மூன்றாவது தடவைக்குச் சித்தப்பாவை எடுத்துக்கொண்டு போனார். மூட்டையில் எண்ணெய்க் கறை. சீட்டில் கருநீல வெல்வெட். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு, மூட்டையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

கட்டுரையை டைப் அடிக்கும்போது அவள் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ள. இன்னொரு இடம் கடைசி வரி: "குறை ஏதாவது இருக்கிறதா என்று என் வழக்கப்படி தேடினேன். கிடைக்கவில்லை."

"நெஜமாவா?" என்றாள்.

"எழுதியிருக்கேனே."

கட்டுரை அச்சுக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனன் விமானத்தை ஓடுபாதை ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தான். விமானி உரிமம் எடுத்து வைத்திருந்தான். முதல் பயணி அக்காதான் என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதுவரை பின் சீட்டில் யாரும் பறந்ததில்லை. அக்கா புடவையை விட்டுவிட்டுப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பட்டறை ஆட்கள், பக்கத்து விமானக் கொட்டகைக்காரர்கள் என்று பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"இருபத்தாறு வருஷம் கூப்பிட்டேன், வரல," என்றார் அவர். "தம்பி கூப்பிட்டா உடனே வந்துடற."

"தம்பி கூப்பிட்டதுக்கா வந்தேன்? நீங்க எழுதினதுக்கு வந்தேன்."

பின் சீட்டுக்காரர்தான் முதலில் ஏற வேண்டும். அவள் ஏறி உட்கார்ந்தாள். மூக்குச் சக்கரம் மெதுவாகத் தரையைவிட்டு எழுந்தது. வால் தரையில் டொக்கென்று இடித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்கா, கொஞ்சம் கொறைக்கணும் போலிருக்கே!"

"வாயை மூடிக்கிட்டு ஏறுடா."

மைத்துனன் முன் சீட்டில் ஏறியதும் மூக்கு தணிந்து சக்கரம் தரையைத் தொட்டது. அவன் கதவைச் சாத்தப் போனான்.

தராசுக்காரர் சிரிக்கவில்லை. தாளில் இருந்த நம்பர் அவருக்கு மனப்பாடம். மூக்கில் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தால், பின்னால் அவள் ஒருத்தி உட்கார்ந்ததற்கெல்லாம் அது எழும்பாது. மூக்குப் பக்கம் போய்க் குனிந்து ஒரு கையால் தூக்கினார். மேஜை தூக்குவது போலச் சுலபமாக வந்தது.

"எறங்குங்க."

"என்ன மாமா?"

"எறங்குங்கன்னேன். ரெண்டு பேரும்."

"பத்துப் பேர் முன்னாடி என்னை எடை போடப்போறீங்களா?" என்றாள் மனைவி. "அசிங்கப்படுத்தாதீங்க. அறுபத்திநாலு. போதுமா?"

"உன்னை இல்ல. இதை."

"அதான் மூணு தடவ போட்டுட்டேன்னு சொன்னேனே மாமா."

அவர் காரை நோக்கி நடந்தார். டிக்கி திறக்கிற சத்தம் கேட்டதும் மைத்துனனின் முகம் மாறியது. தப்பு இருக்குமோ என்ற பயத்தால் அல்ல, அவமானத்தால். சக்கரங்களின் கீழே மெஷின்களை வைத்தார்கள். பின் சக்கரங்கள் நூற்றிருபத்தெட்டு, நூற்றிருபத்தெட்டு. மூக்கு முப்பத்தைந்து.

"மெஷின் கெட்டிருக்கும்," என்றான் மைத்துனன்.

மெஷின்களை இடம் மாற்றி வைத்தார்கள். மூக்கு முப்பத்தைந்துதான்.

கணக்கு டீச்சர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "மொத்தமா இருபத்தியொரு கிலோ காணோம்டா. அதுல பதினேழு மூக்குல."

அவன் விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தான். எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி சிறகுக்கு அடியிலெல்லாம் பார்த்தான். பிறகு நின்றான். ஷெட்டுக்குள் போனான். வரும்போது டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்பது வருடமாக அது இருந்த இடம் முன் சீட்டின் தரை, கால் பெடலுக்குப் பக்கத்தில். ஸ்பேனர் எடுப்பதும் வைப்பதும் அங்கேதான். விமானத்தின் ஒரு பாகமாகவே ஆகிப்போனதால் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. எடை போட்ட மூன்று தடவையும் அது உள்ளேதான் இருந்தது. பறப்பதற்கு முன் மட்டும் வெளியே எடுத்து வைத்திருந்தான். ஒழுங்கான ஆள்.

ஒரு மெஷினில் வைத்தான். இருபத்தொன்று.

யாரும் சிரிக்கவில்லை. வேடிக்கை பார்த்தவர்களுக்கு அப்போது பார்த்து வேலைகள் நினைவுக்கு வந்தன.

"நீங்க எடை போட்டுப் பாக்கலையா?" மனைவி அவரைக் கேட்டாள்.

"இல்ல."

"அந்த மூட்டை?"

"அதும் இல்ல."

"தேடினேன்னு எழுதினீங்களே. நான்தானே டைப் அடிச்சேன்." குரலை உயர்த்தவில்லை. "அதை நம்பித்தானே ஏறினேன்."

எத்தனையோ முதலாளிகளின் வாயை அடைத்த மனிதர். அன்றைக்கு மெஷின்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்தே கத்தரிக்குப் போன் செய்தார்.

"நேத்தே அச்சாயிடுச்சு சார்," என்றார் கத்தரி. "மூவாயிரம். கட்டி வச்சாச்சு, செவ்வாய்க்கிழமை தபாலுக்குப் போகுது. என்ன ஆயிடுச்சு இப்ப? பேட்டரியை முன்னால தள்ளி வச்சா மூக்கு கனத்துச் சரியாப் போகுமா?"

"போகும்."

"தள்ளி வைக்கச் சொல்லுங்க. வச்ச பிறகு நீங்க எழுதினது உண்மையாயிடும். உங்க பேர்ல ஒரு திருத்தம் வரணுமா, முப்பது வருஷத்துக்கு அப்புறம்?"

மைத்துனனும் அதையேதான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. "புதன்கிழமை முதலாளி கையெழுத்துப் போடறார் மாமா. அடுத்த மாசம் ஒரு ஓரமா போட்டுக்கலாமே. ஒரு வாரத்துல நான் சரி பண்ணிடுவேன்."

"நீ பண்ணிடுவ. அந்த ஏழு பேரு?"

 அந்த ஏழு பேரும் இந்தத் தாளின் நம்பரை வைத்துத்தான் பேட்டரிக்கு இடம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏறக்குறைய முடித்துவிட்டார். பின் சீட்டில் மகளை ஏற்றப்போவதாகக் கடிதம் எழுதியிருந்தார்.

ஞாயிறு மத்தியானமே உட்கார்ந்து திருத்தம் எழுதினார். பத்திரிகையின் ஒவ்வொரு பிரதியிலும் ஒரு துண்டுத் தாளாகச் செருகிவிடலாம் என்று கத்தரியை மறுபடி கூப்பிட்டுச் சம்மதிக்க வைத்திருந்தார். இரண்டு பக்கம் வந்தது. தன்னையே உரித்துக் காயப்போட்டிருந்தார். "ஒரு சேர்மனின் பேனாவைக்கூட நம்பாதவன் ஒரு வெல்வெட் உறையை நம்பினேன்" என்று ஆரம்பித்து, வரிக்கு வரி சிரிப்பு. அதுவரை எழுதியதிலேயே நன்றாக வந்தது அதுதான் என்று அவருக்கே தெரிந்தது.

மனைவி பாதிப் பக்கம் அடித்துவிட்டு நிறுத்தினாள்.

"இது எதுக்கு?"

"எது?"

"இந்த ஜோக்கெல்லாம். படிக்கிறவன் சிரிப்பான். சிரிச்சவன் உங்களை மன்னிச்சுடுவான், மனுஷன் எவ்வளவு நேர்மைன்னு சொல்லுவான். நம்பரைப் பாக்க மாட்டான்."

"நம்பரும் இருக்கே, ரெண்டாவது பக்கத்துல."

"என் தம்பியோட ஒன்பது வருஷத்தை ஒண்ணுமில்லாம ஆக்கப்போறீங்க. ஆக்குங்க, வேண்டாம்னு சொல்லல. அதுலயும் கைத்தட்டல் வாங்காதீங்க."

அவர் இரண்டு தாளையும் வாங்கி வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பென்சிலைச் சீவினார். பிறகு எழுதியது இவ்வளவுதான்:

"இந்த இதழின் முப்பத்திநாலாம் பக்கத்தில் உள்ள எடை விவரம் தவறு. அந்த விமானத்தை நான் எடை போடவில்லை. பின் சீட்டில் பாரம் வைத்து ஓட்டிப் பார்க்கவில்லை. பார்த்ததாகத் தோன்றும்படி எழுதினேன். சரியான எடை கீழே உள்ளது. இந்த வரைபடத்தை வைத்து விமானம் கட்டுகிறவர்கள், மறு அறிவிப்பு வரும்வரை, பின் சீட்டில் யாரையும் ஏற்ற வேண்டாம்."

கீழே கையெழுத்து. கத்தரி அதைப் படித்துவிட்டு, "நம்ம ஆள் எழுதினது மாதிரியே இல்லியே" என்றார்.

திங்கட்கிழமை அச்சகத்தில் கட்டுகளைப் பிரித்துப் போட்டார்கள். செருகுவதற்கு ஆள் இல்லை, செருகுகிற மெஷினும் இல்லை. கத்தரி ஒரு நீள மேஜையைக் காட்டிவிட்டு, "நீங்களே கிளப்பினது, நீங்களே முடிங்க" என்று போய்விட்டார். அவரும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவள் லீவு போட்டிருந்தாள். முப்பத்திநாலாம் பக்கத்தைத் திறப்பது, தாளை வைப்பது, மூடுவது. பக்கத்தில் வேறு எதையோ அச்சடித்துக்கொண்டிருந்த மெஷின் தரையை அதிரவைத்தது.

முந்நூறு முடிந்தபோது மைத்துனன் வந்தான். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு அவன் அவர்கள் கண்ணில் படவே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு துண்டுத் தாளை எடுத்து முழுக்கப் படித்தான். புதன்கிழமை கையெழுத்து நடக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். நடக்கவும் இல்லை.

"டூல் பாக்ஸைப் பத்தி ஒண்ணுமே போடலியே மாமா."

"அது உன் தப்பு. இது என் தப்பு. ஒரே தாள்ல ரெண்டையும் போட்டா ஆளுக்குப் பாதியாயிடும்."

"அப்ப என் தப்பை நான் எங்க போய் எழுதறது?"

"அந்த ஏழு பேருக்கும் போன் பண்ணினியா?" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல்.

"நாலு பேருக்குப் பண்ணிட்டேன். ரெண்டு பேர் திட்டினாங்க. ஒருத்தர் போனை வச்சுட்டார். இன்னொருத்தர் டீ குடிச்சியான்னு கேட்டார்."

"மீதி?"

"எடுக்கல. அந்தப் பொண்ணைப் பெத்தவரும் எடுக்கல."

"எடுக்கற வரைக்கும் பண்ணு."

அவன் ஒரு கட்டைத் தன் பக்கம் இழுத்துப் பத்துப் பிரதிகளில் தாளை வைத்தான். அப்புறம் எழுந்து போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். மெஷின் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, காதைப் பொத்திக்கொண்டு உரக்கப் பேசினான்.

"சார், நான்தான் சார், விமானம்… ஆமா சார். இல்ல சார், நல்ல விஷயம் இல்ல. நான் கொடுத்த எடை தப்பு சார். இல்ல, கொஞ்சம் இல்ல, நிறையவே தப்பு…"

உள்ளே இரண்டு பேரும் கையை நிறுத்தவில்லை. தராசுக்காரர் அடுத்த பிரதியை எடுத்து, முப்பத்திநாலாம் பக்கத்தைத் திறந்தார்.